பாட்டைக் கிரயம் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவள். இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் ஒரு விடுதியில் பாடி வாசிக்கிறேன். அங்கே தங்க வருகிறவர்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். நானே எழுதி மெட்டமைத்த பாடல்கள் பதினான்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து வெளியிட்டேன். அதைக் கேட்ட சென்னை நிறுவனம் ஒன்று ரூ.30,000 தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பதினைந்து நாளில் பதில் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். இசையில் பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா? பாடலையும் ஒப்பந்த நகலையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் கேட்டவற்றுள் கெடு வைத்து நிற்பது ஒப்பந்தம் ஒன்றுதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இப்போது இருக்கும் வடிவில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணத்தை உங்கள் தோட்டக் கணக்கிலிருந்தே சொல்லிவிடலாம். காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். அந்த மிளகை ஒரு பருவத்துக்கு வியாபாரியிடம் குத்தகைக்கு விடுகிற தோட்டக்காரர், அவர் பறித்துக்கொண்டு போன பிறகு கொடியும் மரமும் தம்முடையவை என்பதில் ஐயம் கொள்வதே இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தமோ ஒரு பருவத்து மிளகுக்கான விலையைக் கொடுத்துவிட்டு, மரத்தையும் அது நிற்கும் மண்ணையும் சேர்த்துக் கிரயம் எழுதி வாங்கப் பார்க்கிறது. நான்காம் பிரிவில் ‘உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், இப்போதுள்ள மற்றும் இனி வரவுள்ள அனைத்து ஊடகங்களுக்கும்’ என்று இருக்கிறது. அதைவிட மோசமானது ஏழாம் பிரிவு: அடுத்த மூன்று ஆண்டுகளில் நீங்கள் எழுதும் எல்லாப் பாடல்களும் இதே விலைக்கு, இதே நிபந்தனையில் அவர்களுக்கே சேரும் என்கிறது. இன்னும் எழுதாத பாட்டுக்கு இன்றே விலை வைத்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உடைமைகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் பேரம் பேசுவது எளிதாகும். வரி ஓர் உடைமை, மெட்டு இன்னொன்று, அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது, பாடியவர் என்ற வகையில் உங்களுக்கு இருக்கும் கலைஞர் உரிமை நான்காவது. வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் செல்லும். ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான பின் 60 ஆண்டுகள். பொதுவாக, பணம் போட்டு அந்தப் பதிவை ஏற்பாடு செய்தவரே அதன் உரிமையாளர். ஆகவே அந்த நிறுவனம் தன் செலவில் இசைக் கலைஞர்களை வைத்துப் பாட்டை மறுபடியும் பதியுமானால், அந்தப் பதிவு அவர்களுடையதாக இருப்பதில் நியாயம் உண்டு. அந்தப் பதிவைக் காட்டி வரியையும் மெட்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயமில்லை.

சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது, ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதி வாங்கிய பாட்டுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் பிழைத்தார்கள். 2012-இல் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒலிப்பதிவில் இடம்பெறும் வரிக்கும் இசைக்கும் வருகிற ராயல்டியில் (பாட்டு பயன்படும்போதெல்லாம் கிடைக்கும் தொகையில்) சம பங்கு பெறும் உரிமையை, அவற்றைப் படைத்தவர் தம் வாரிசுக்கோ, அதை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, விட்டுக் கொடுக்கவும் முடியாது என்று ஆக்கினார்கள். அதற்கு மாறான உடன்படிக்கை செல்லாது. ஆகவே ‘ராயல்டி எதுவும் கோரமாட்டேன்’ என்கிற ஐந்தாம் பிரிவு, நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் நிற்காது. அதற்காகத் துணிந்து போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். செல்லாத பிரிவைச் செல்லாது என்று சொல்ல வைக்க நீதிமன்றப் படியேற வேண்டும், ரூ.30,000 அதற்கே போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாக வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளும். நிறுவனங்கள் ‘என்றென்றைக்கும்’ என்று மெனக்கெட்டு எழுதுவது இதற்காகத்தான். நீங்கள் அவர்களுக்கு எழுத வேண்டிய பதில் சிறியது: இந்த ஒரு பாட்டுக்கு மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு உரிமம் தருகிறேன், வரியும் மெட்டும் என்னுடையவை, பதிவு உங்களுடையது, ஏழாம் பிரிவை நீக்க வேண்டும், பாடல் வெளியாகும் இடமெல்லாம் எழுத்து, இசை, குரல் மூன்றிலும் என் பெயர் வர வேண்டும். ஒத்துக்கொண்டால் ரூ.30,000 மோசமான தொகை அன்று, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்களிடம் பதினான்கு பாட்டும் அப்படியே இருக்கும். கையெழுத்துக்கு முன் சேலத்தில் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் காட்டிவிடுவதும் நல்லது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு என் சொந்தக் கதையும் ஒரு காரணம். சேலத்து ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், 2004-இல், ஒரு விளம்பரத்துக்காகப் பதினேழு நொடி மெட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ரூ.4,000 கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள். வவுச்சரின் பின்பக்கம் நான்கு வரி அச்சடித்திருந்தது. நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆறு ஆண்டுகள் அந்த மெட்டை வானொலியில் கேட்டேன், பேருந்து நிலையத்துத் தொலைக்காட்சியில் கேட்டேன், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி அழைப்பொலியாகவும் கேட்டேன். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். வவுச்சரைத் திருப்பாதது என் கை.

சென்னைக்குப் போவது பற்றி. நீங்கள் மலையிறங்கி வரும்போதெல்லாம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோ ஓங்கி நின்ற நாளில் பாட்டு எழுதுகிறவர்களும் வாத்தியம் வாசிக்கிறவர்களும் வேலை தேடிச் சேலத்துக்கு வந்தார்கள். பிறகு படத்தொழில் முழுவதும் சென்னையில் குவிந்தது. போனவர்கள் போனது வேலை அங்கே இருந்ததால். இளையராஜா 1976-இல் முதல் படத்துக்கு இசையமைப்பதற்கு முன் பல ஆண்டுகள் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராக மேடையில் வாசித்தவர், பிறகு சென்னையில் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர், ஸ்டுடியோக்களில் கிட்டாரும் வாசித்தவர். அந்த வழிக்கு ஊர் மாறுவது தவிர்க்க முடியாதது. ஸ்டுடியோ கிட்டார் கலைஞர் ஆக வேண்டுமானால் இன்றைக்கும் சென்னையில்தான் இருந்தாக வேண்டும். நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கவும், கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் போய் நிற்கவும் வேண்டும்.

நீங்கள் கேட்பது அந்தத் தொழிலை அன்று. எழுதி, மெட்டமைத்து, தானே பாடுகிற ஒருவருக்கு ஸ்டுடியோ வாசலைவிடக் கேட்கிறவர்களின் ஊர்கள் முக்கியம். சேலத்திலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், கோவை 160, சென்னை 340. வெள்ளி இரவு ரயிலேறினால் மூன்றில் எந்த ஊரிலும் சனிக்கிழமை பாடிவிட்டுத் திங்கள்கிழமை தோட்டத்துப் பேரேட்டைத் திறக்கலாம். சென்னையில் அறை வாடகைக்காக வாரம் முழுவதும் அடுத்தவர் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தால் பதினைந்தாவது பாட்டு எப்போது எழுதுவீர்கள்? ஓர் ஆண்டு கழித்து, அங்கே உங்களைக் கேட்க நூறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு போவதைப் பற்றி யோசியுங்கள்.

விடுதி மேடையை இழிவாக நினைக்காதீர்கள். கடிதத்தில் அந்தத் தொனி கொஞ்சம் இருக்கிறது. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காகப் பகுதிக்குப் பகுதி மேடை போட்டுக் கச்சேரி நடக்கும் ஊர் சேலம். யாருடைய பாட்டாக இருந்தாலும் முதல் பல்லவியிலேயே கூட்டத்தைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்களை இந்த மேடைகளே உருவாக்கின. ஐந்து சினிமாப் பாட்டுக்கு நடுவில் உங்கள் பாட்டு ஒன்றை, ‘இது என் பாட்டு’ என்று அறிவிக்காமல் பாடுங்கள். சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்தால் அந்தப் பாட்டு நிற்கும். அறிவித்துவிட்டுப் பாடினால் மரியாதைக்குக் கைதட்டுவார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஆனால் கூலியை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, பாதி முன்பணம், மழையாலோ விருந்தினர் குறைவாலோ ரத்தானால் என்ன தருவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒன்பதரைக்கு முடிப்பதாகவே பேசுங்கள். கீழே சேலத்தில் வாசிக்கப் போகும் நாளில் கடைசிப் பேருந்தை நம்பி மேடையேறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில் ஏறி வர வாகனமோ, தங்க அறையோ அவர்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பெண்கள் தயங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டதால் போன வாய்ப்பு போகட்டும்.

மலைக்கும் ஊருக்கும் கிட்டாரோடு ஏறி இறங்குகிறவர் என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். சேலத்து வெயிலில் சுருதி சேர்த்த கிட்டாரை ஏற்காட்டுக்கு எடுத்து வந்தால், குளிரில் கம்பி இறுகி சுருதி ஏறி நிற்கும்; மலையில் சேர்த்ததை ஊருக்கு எடுத்துப் போனால் தளர்ந்து இறங்கும். இது பிருடையின் (கம்பியை முறுக்கும் திருகின்) குற்றம் என்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். அரை மணி நேரம் முன்னதாகப் போய், உறையைத் திறந்து வைத்து, கிட்டார் அந்த இடத்துக் காற்றுக்குப் பழகிய பிறகு சுருதி சேருங்கள். பனிமூட்ட மாதங்களில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். ஈரத்தில் மேற்பலகை உப்பினால் கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்து விரலை அறுக்கும்.

பட்டம் தேவையா என்றால், மேடைக்கும் பாட்டுக்கும் தேவையில்லை, கற்பிப்பதற்குப் பயன்படும். சேலத்தில் பிள்ளைகளை லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகளுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் இருக்கிறார்கள். இனிஷியல் தொடங்கி எட்டாம் கிரேடு வரை போகும் அந்தத் தேர்வுகளில் நீங்களே ஐந்தாம் கிரேடாவது முடித்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குத் தயங்காமல் கட்டணம் கேட்கலாம். மேடை வருமானம் பருவத்தைப் பொறுத்தது. மே மாதக் கோடை விழாக் கூட்டம் ஜூலையில் இருக்காது. வகுப்பு வருமானம் மாதாமாதம் வரும். அதோடு ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியரிடம் ஓராண்டு உட்கார்ந்து சுரமும் தாளமும் பழகுங்கள். கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கைப்பிடி) பிடித்து மெட்டுத் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது: கை தெரிந்த நான்கு கார்டுகளுக்குள் மெட்டும் அடங்கிவிடும். உங்கள் பாட்டிலும் அது தெரிகிறது. தனிக் குரலில் மெட்டைக் கட்டிவிட்டுப் பிறகு கிட்டாரை எடுத்துப் பாருங்கள்.

இணைய வருமானத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். யூடியூப்பில் விளம்பரப் பணம் வரவே 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. சிறு காணொளிகளுக்குக் கணக்கு வேறு. அடுத்தவர் பாட்டைப் பாடிப் போட்டால் வரும் பணம் பெரும்பாலும் அந்தப் பாட்டின் உரிமையாளருக்கே போகும். உங்கள் பாட்டு ஒன்று முறையாக வெளியானதும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் பதிப்புரிமைச் சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகுங்கள். வானொலி, தொலைக்காட்சி, மேடை, இணையம் ஆகியவற்றிலிருந்து வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வசூலித்துத் தருவது அவர்கள் வேலை. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது; ஆனாலும் வழக்கு என்று வந்தால் சான்றாக நிற்கும் என்பதால் உங்களுக்கு நம்பிக்கையுள்ள இரண்டு மூன்று பாட்டுகளையாவது பதிந்து வையுங்கள். வரிக்கு ரூ.500, இசைக்கு ரூ.500 கட்டணம்.

அப்பாவின் கவலையைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவரிடம் வாதாடுவதைவிடக் கணக்குக் காட்டுவது பலிக்கும், அது உங்கள் தொழிலும்கூட. ஒரு தனிப் பேரேடு தொடங்கி மேடை, வகுப்பு, பாட்டு என்று மூன்று வரவுப் பத்திகள் போடுங்கள். கம்பி, பயணம், பதிவுச் செலவை எதிரில் எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து நிகர வரவு உங்கள் இப்போதைய சம்பளத்தில் பாதியைத் தொட்டால், வேலையை விடுவதைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசலாம். அதுவரை தோட்டத்து வேலை இருக்கட்டும். மூன்றாவது பத்தி முதல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அதைக் கண்டு நீங்களும் பயப்படக் கூடாது, அவரும் பயப்படாதபடி முன்னமே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய பாட்டு. ‘மலையிறங்கும் கடைசி பஸ்சில் உறங்கிப் போனேனே’ என்பது நல்ல எடுப்பு. ஆனால் கிட்டாரில் முதல் அடி விழும் இடத்தில் ‘ம’ என்னும் குறிலை வைத்து அதை நான்கு மாத்திரைக்கு நீட்டியிருக்கிறீர்கள். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ‘மாலை இறங்கும்’ என்றுதான் காதில் விழுந்தது. பொழுது சாய்கிற பாட்டு என்று எண்ணிக்கொண்டு கேட்டவன், ‘கடைசி பஸ்’ வந்த பிறகே இது மலை என்று புரிந்துகொண்டேன். தமிழில் குறிலும் நெடிலும் வெவ்வேறு சொல். ‘விடு’ நீண்டால் ‘வீடு’ ஆகிவிடும். ஆங்கிலப் பாட்டை வைத்துக் கிட்டார் பழகியவர்கள் அடிக்கடி வழுக்குகிற இடம் இது, ஏனென்றால் அங்கே எந்த உயிரை நீட்டினாலும் பெரும்பாலும் சொல் மாறுவதில்லை.

இதற்கு மருந்து எளிது. தாளம் தொடங்குவதற்கு அரை அடி முன்னதாக ‘ம’வைச் சுருக்கமாக எடுத்து, ‘லை’ அடியில் விழும்படி செய்யுங்கள். கர்நாடக இசையில் இதை அதீத எடுப்பு என்பார்கள். ‘லை’யில் இருக்கும் ஐகாரம் பேச்சில் குறுகினாலும் பாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், பொருள் கெடாது. உங்கள் நான்கு மாத்திரை இழுப்பு முழுவதையும் அங்கே கொடுக்கலாம். வளைவில் பேருந்து சாய்வது போலவும் இருக்கும். ‘உறங்கி’யில் ‘றங்’ மெய்யில் முடிகிற அசை என்பதால் அதை இழுக்காமல் விட்டது சரி. மெட்டை மாற்ற வேண்டியதில்லை, எடுப்பை மட்டும் நகர்த்திப் பதிந்து மறுபடி அனுப்புங்கள். இரண்டாவது சரணத்தில், அடிவாரத்து வெக்கை முகத்தில் அடித்து விழித்துக்கொள்கிற இடம் அப்படியே இருக்கட்டும். அதில் கை வைக்காதீர்கள்.